மருத்துவச்சியாய் வந்த இறைவன்

சமயம் என்பது கோவில் மதிலுக்குள் தொடங்கிக் கோவில் மதிலுக்குள்ளேயே முடிந்துவிடுவதன்று. அது வீட்டு அடுக்களையிலும், தொட்டிலடியிலும், நோயுற்றோர் பாயருகிலும் நின்று நிலைபெற வேண்டுவதொன்று. இவ்வுண்மையை உணர நெடுந்தொலைவு சென்று நூல்களைத் தேட வேண்டுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில், தலைமுறை தலைமுறையாய் வழங்கிவரும் இரண்டு வரலாறுகளே போதும். அவற்றுள் ஒன்று ஒரு பெண் குழந்தையைப் பற்றியது. மற்றொன்று பிரசவ வேதனையுற்ற ஒரு தாயைப் பற்றியது. இவ்விரண்டையும் நம்மில் பெரும்பாலோர் கேட்டிருப்பர். கேட்டுக் கைகூப்பியும் இருப்பர். ஆயினும் அவை நம் குடும்ப வாழ்விற்கும், தேக நலத்திற்கும், பிறரை நாம் நடத்தும் முறைக்கும் இடுகின்ற கட்டளை யாதென்று நின்று சிந்தித்தவர் சிலரே. அதனைச் சங்கத்து அன்பர்களோடும் அவர்தம் குடும்பத்தாரோடும் கலந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அவ்விடத்தை மனத்திற் கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே சில மைல் தூரம் சென்றால் செண்பகத்தோப்பை அடையலாம். தென்புறத்தே இராஜபாளையமும், கிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்க, மேற்கே மலை வானளாவி நிற்கும். மலைமீது காட்டழகர் என்னும் சுந்தரராஜப்பெருமாள் கோவில் கொண்டுள்ளார். காட்டோடைகள் கீழிறங்கி வருகின்றன. நகரத்தார் பருகும் நீரில் ஒரு பகுதி இம்மலையடிவாரத்தினின்றே செல்கின்றது. அடிவாரத்தே பளியர் என்னும் பழங்குடி மக்களின் குடியிருப்பு உள்ளது. இக்காடு 1988-ஆம் ஆண்டில் நரை அணிலின் பொருட்டுச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்று, 2021-ஆம் ஆண்டில் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. ஆட்சி வகையில் இப்பகுதி முன்பு திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. 1985-இல் விருதுநகர் மாவட்டத்திற்கு உரியதாயிற்று. ஆட்சிகள் மாறின, எல்லைகள் மாறின. மலையும் அதன் அடியிலே வழங்கும் அவ்விரு வரலாறுகளும் மாறவில்லை.

முதல் வரலாறு பெரியாழ்வாருடையது. வடபத்ரசாயிப் பெருமானுக்கு நந்தவனம் வைத்து, நாடோறும் மாலை கட்டிச் சாத்துதலையே தம் கைங்கரியமாகக் கொண்டிருந்த அப்பெரியார், ஒருநாள் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தையைக் கண்டார். பெற்றோர் இன்னாரென்று தெரியாது. குலம் இன்னதென்று தெரியாது. அவர் ஊரைக் கூட்டி அக்குழந்தையின் பிறப்பை விசாரித்ததாக வரலாறு கூறவில்லை. பெண்ணாயிற்றே என்று முகஞ்சுளித்ததாகவும் கூறவில்லை. எடுத்தார், அணைத்தார், கோதையென்று பெயரிட்டு வளர்த்தார். அக்குழந்தையே பன்னிரு ஆழ்வார்களுள் ஒரே பெண்ணாகிய ஆண்டாளாக விளங்கினாள். வைணவ ஆசாரியர்கள் போற்றிப் பயிலும் திருப்பாவை முப்பதும் அவள் வாக்கினின்று பிறந்தன.

பெரியாழ்வார் அருளிய 473 பாசுரங்களில் பெரும்பகுதி எதைப் பற்றியது என்பதையும் நாம் நோக்க வேண்டும். கண்ணன் பிறந்த வீட்டின் ஆரவாரத்தையும், அவனைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டுவதையும், நிலாவைக் காட்டி அழைப்பதையும், தளர்நடை நடக்கச் செய்வதையும், நீராட்டுவதையும், தலை வாருவதையும், காது குத்துவதையும் அவர் பாடினார். பரம்பொருளைக் குழந்தையாக்கி, ஆண்மகனாகிய தம்மை யசோதையாக்கிக்கொண்டு பாடினார். பிற்காலத்தே பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகை தழைப்பதற்கு வித்தாக நின்றது அப்பாட்டேயென்று அறிஞர் கூறுவர். பிள்ளை வளர்த்தல் பெண்டிர்க்கு மட்டும் உரிய வேலையென்றும், தகப்பனுக்கு அதில் பங்கில்லையென்றும் எண்ணுகின்ற ஆண்மக்கள், பெரியாழ்வாரின் பாசுரங்களைக் கேட்ட பின்னரும் அவ்வாறு எண்ணுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, இவ்வரலாற்றைப் போற்றும் நம் நாட்டில் நிகழ்ந்ததைச் சொல்லக் கூசுகின்றது. எனினும் சொல்லாமல் விடுதல் தகாது. மதுரைக்கு மேற்கேயுள்ள உசிலம்பட்டிப் பகுதியிலும், சேலம், தருமபுரிப் பகுதிகளிலும் பிறந்த பெண் சிசுக்களைக் கொன்றுவிடும் கொடுமை நிகழ்ந்து வந்தது 1980-களில் நாடெங்கும் தெரியலாயிற்று. வரதக்ஷிணையின் பாரமும், பெண்ணென்றால் செலவென்னும் கணக்குமே அதற்கு மூலகாரணம். 1992-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. வளர்க்க மனமில்லாதோர் கொல்லாமல் ஒரு தொட்டிலில் விட்டுச் செல்க என்பதே அதன் கருத்து. துளசியடியில் ஒரு குழந்தை காக்கப்பெற்ற நாட்டில், சர்க்கார் தொட்டில் வைத்துக் குழந்தைகளை ஏந்தவேண்டிய நிலை வந்தது! கருவிலேயே பெண்ணென்று அறிந்து அழிக்கும் புதிய கொடுமையைத் தடுக்க 1994-இல் இந்திய அரசாங்கம் சட்டம் இயற்றியது. அதற்குப் பின்னரும், 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில், ஆறு வயதிற்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டிற் காணப்பட்ட பெண் குழந்தைகள் 943 பேரே. ஆடிப்பூரத்தன்று ஆண்டாளின் தேர்வடத்தைப் பற்றும் கை, தன் வீட்டில் பிறந்த பெண்ணைப் பாரமென்று தள்ளுமாயின், அக்கை பற்றியது வெறுங் கயிற்றையே என்க.

இரண்டாவது வரலாறு, ஸ்ரீவில்லிபுத்தூரின் மேல்பால் இராஜபாளையம் செல்லும் சாலையில் உள்ள மடவார்விளாகம் வைத்தியநாதசுவாமி கோவிலுக்கு உரியது. கருவுற்ற ஒரு பெண், பேறுகாலம் நெருங்கியும் தன் தாய் வாராமையால், தாய்வீட்டை நோக்கித் தனியே புறப்பட்டாள். வழியிலேயே வேதனை கண்டது. உதவுவார் ஒருவருமிலர். அவள் இறைவனை நினைந்து கதறினாள். அப்போது ஈசன் அவள் தாயின் வடிவங்கொண்டு வந்து, அருகிருந்து பிரசவம் பார்த்தான். அவள் நாவறண்டு நீர் வேண்ட, நிலத்தைக் கீறி ஊற்றெடுக்கச் செய்தான். உண்மைத் தாய் பின்னர் வந்து சேர்ந்தபோது மாயத் தாய் மறைந்து, அம்மையோடு காட்சி கொடுத்தான். இஃது அவ்வூர் வழக்கு. காவிரி வெள்ளத்தால் தாய் வர இயலாதபோது இறைவனே தாயாய் வந்தானென்று திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கோவிலிலும் இதனையொத்த வரலாறு வழங்குகின்றது. திருக்கருகாவூரில் அம்மையின் திருநாமமே கருக்காக்கும் நாயகி என்பது. தென்ஜில்லாக்களின் ஊர்தோறும் பேச்சியம்மனைப் பிள்ளைப்பேற்றின் காவலாக வழிபடுவர். கடல்கடந்து சிங்கப்பூர் சென்ற தமிழரும் மாரியம்மன் கோவிலில் பெரியாச்சிக்குச் சந்நிதி வைத்து, பிள்ளை பிறந்து ஒரு மாதம் நிறைந்தபின் அங்கே எடுத்துச் சென்று வணங்குகின்றனர். ஆகவே பிள்ளைப்பேற்றின் அருகே இறைவனை வைத்துக் காண்பது தமிழர்க்கு இயல்பான சிந்தையேயாகும்.

மடவார்விளாகத்து வரலாற்றில் மூன்று செய்திகளை நாம் கூர்ந்து நோக்கல் வேண்டும். ஒன்று, ஈசன் அரசனாகவோ முனிவனாகவோ வரவில்லை. பிரசவம் பார்க்கும் பெண்ணாக வந்தான். இரண்டு, அவன் எட்ட நின்று திருநீறு தூவி ஆசி கூறவில்லை. உதிரத்தைத் தன் கையால் தொட்டான். மூன்று, தாகித்தவளுக்கு நீர் கொடுத்தான். தொழிலுக்கு மதிப்பு, தீண்டலுக்கு அஞ்சாமை, தேகத்தின் தேவையைத் தீர்த்தல் என இம்மூன்றும் அச்செயலில் அடங்கின. இம்மூன்றனுள் நாம் எதனைக் கைக்கொண்டோம் என்று கேட்டுப் பார்ப்போம்.

முதலில் தொழிலுக்குரிய மதிப்பை எடுத்துக்கொள்வோம். வைத்தியசாலைகள் பெருகுவதற்கு முன் நம் கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். அவர்கள் பெரும்பாலும் மருத்துவக் குலத்துப் பெண்டிர். சிலவிடங்களில் தீண்டாமைக்கு ஆட்படுத்தப்பட்ட குலங்களின் பெண்டிர். நள்ளிரவாயினும் மழையாயினும் அழைத்தவுடன் வந்தனர். எந்த ஜாதியாருடைய வீட்டுப் பிள்ளையும் இவ்வுலகில் முதன்முதல் தீண்டப்பட்டது அவர்கள் கையினாலேயே. அவர்களுக்குக் கிடைத்ததோ சிறிதளவு நெல்லும், ஒரு பழஞ்சேலையும், கொல்லைப்புற வாயிலுமேயாகும். பிள்ளையை ஏந்தக் கை வேண்டும்; அக்கையால் தொட்ட செம்பு வேண்டாம். இதைவிடப் பெரிய முரண்பாடு உலகில் உண்டோ? ஈசன் எத்தொழிலை மேற்கொண்டு வந்தானோ, அத்தொழிலைச் செய்தவளை நாம் திண்ணைக்குக் கீழே நிறுத்தினோம்.

கோவில் வாயிலின் கதையும் இத்தகையதே. மலைக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-ஆம் நாள் மகாராஜாவின் பிரகடனத்தால் எல்லா இந்துக்களுக்கும் அரசின் வசமிருந்த கோவில்கள் திறக்கப்பட்டன. மலைக்கு இப்பால், 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுள் அ. வைத்தியநாதையர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சகோதரர்கள் நுழைந்து வழிபட்டனர். அவ்வாண்டிலேயே இராஜாஜி மந்திரிசபை அதற்குப் பாதுகாவலாகச் சட்டம் செய்தது. 1947-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆக, பிள்ளைப்பேற்றுக்கு அழைக்கப்பட்ட பெண்களுள் பலர், தாம் கையேந்திய பிள்ளைகள் நுழைந்த கோவிலுள் தாமும் நுழைய அந்நாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டம் கோவிற் கதவைத் திறந்தது. வீட்டுக் கதவையும் மனக் கதவையும் திறத்தல் சட்டத்தால் முடிவதன்று. அது நம்மைப்போன்ற சங்கங்களின் வேலை.

இரண்டாவதாகத் தீட்டு என்னும் கொள்கையைப் பார்ப்போம். பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வும் தனிமையும் வேண்டுமென்பது நல்ல கருத்தே. புறத்தேயிருந்து வருவோர் பலரும் தொட்டால் நோய் பற்றும் என்பதும் மெய்யே. இந்நன்மைகளை எண்ணி முன்னோர் சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கலாம். ஆனால் நாளடைவில் காப்பு என்பது மறைந்து வெறுப்பு என்பது நின்றது. காற்றும் வெளிச்சமும் புகாத இருட்டறையிலோ, மாட்டுக் கொட்டிலின் ஓரத்திலோ, கந்தைத் துணியின்மேல் அவளைக் கிடத்தினர். அரிவாளாலோ மூங்கிற் சிம்பாலோ கொடியறுத்து, சாம்பலை அப்பினர். அதனால் ரணஜன்னி கண்டு சிசுக்கள் சில நாட்களிலேயே இறந்தன. பிரசவ ஜன்னியால் தாய்மார் மடிந்தனர். இதனை விதியென்றனர், பேய்க்கோளாறு என்றனர். உதிரத்தைத் தொட்ட ஈசனுக்குத் தீட்டு ஒட்டவில்லை. தொடாமல் விலகி நின்ற நமக்கோ பழி ஒட்டியது.

இவ்விஷயத்தில் அறியாமை நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய பிரசவ வைத்தியசாலையில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவர்கள் பிரசவம் பார்த்தனர்; மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தனர். மாணவர் பகுதியில் தாய்மார் மிகுதியாக இறந்தனர். மருத்துவச்சிகள் பகுதியில் இறப்புக் குறைவு. இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் இதன் காரணத்தை ஆராய்ந்து, மாணவர்கள் பிணங்களை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வருவதே கேடு என்று 1847-இல் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வேண்டுமென்று கட்டளையிட்டார். நூற்றுக்கு 18 அளவில் இருந்த இறப்பு, சில திங்களிலேயே 2 அளவிற்குக் குறைந்தது. ஆயினும் அந்நாளைய பெரிய வைத்தியர் பலர், தம் கையே தாய்மாரைக் கொன்றது என்னும் உண்மையை ஏற்க மனமின்றி அவரை இகழ்ந்தனர். கற்றோரின் செருக்கும் உயிரைக் கொல்லும் என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டிலும் வெளிச்சம் மெல்ல மெல்ல வந்தது. சென்னை எழும்பூரில் 1844-இல் பிரசவ வைத்தியசாலை ஏற்பட்டது. 1875-இல் சென்னை மெடிக்கல் காலேஜ் பெண்களுக்கு இடங்கொடுத்தது. அங்குப் பயின்ற மேரி ஷார்லீப் என்னும் மாதரசியின் முயற்சியால், ஆண் வைத்தியரிடம் செல்லாத பெண்களுக்கென 1885-இல் ஒரு வைத்தியசாலை தொடங்கப்பட்டது. பிற்காலத்தே கஸ்தூரிபா காந்தியின் பெயரைப் பெற்று இன்றும் திருவல்லிக்கேணியில் நடைபெறுவது அதுவே. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912-இல் வைத்தியப் பட்டம் பெற்று, 1927-இல் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் அங்கத்தினராகி, தேவதாசி முறையையும் பால்ய விவாகத்தையும் எதிர்த்துப் போராடினார். 1929-இல் பெண்ணின் விவாக வயது 14 என்று சட்டமாயிற்று; 1978-இல் அது 18 ஆயிற்று. தேகம் முதிராத சிறுமியைத் தாயாக்குவது தர்மமன்று, கொலைக்கு ஒப்பானது என்பதை வைத்தியம் உரைத்தது. தாமதமாகவேனும் சட்டம் அதனைக் கேட்டது. அவ்வம்மையார் பெயராலேயே 1987-இல் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகைத் திட்டம் தொடங்கி, 300 ரூபாயாக இருந்த உதவி பின்னர் பொருள்களும் சேர்ந்து 18,000 ரூபாய் மதிப்பளவிற்கு உயர்ந்தது.

இவற்றின் பயன் கண்கூடு. 2018 முதல் 2020 வரையிலான கணக்கின்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் இறந்த தாய்மார் 54 பேர். இந்தியா முழுமைக்கும் அவ்வெண் 97. தாய்க்கும் சிசுவிற்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் அகற்றப்பட்டதென்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி கூறிற்று. விதியென்று நாம் கைவிட்டவை விதியல்ல என்பது இதனால் விளங்கும். விதியாயிருந்தால் தடுப்பூசிக்கும் சுத்தமான கத்திக்கும் அஃது அஞ்சி ஓடியிராது.

வைத்தியரை நாடுவது தெய்வ நம்பிக்கைக்குக் குறைவென்று கருதுவோர் இன்றும் உளர். மடவார்விளாகத்து இறைவனின் திருநாமம் யாது? வைத்தியநாதன். வைத்தியத்திற்கே தலைவனென்று அவனை அழைத்துவிட்டு, வைத்தியத்தை வேண்டாமென்பது எவ்வாறு? 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் தீராத வயிற்று நோய் இச்சந்நிதியில் நீங்கப்பெற்று, இக்கோவிலுக்குத் திருப்பணிகள் செய்தாரென்று வழங்குகின்றது. நலம்பெற்ற அரசன் நன்றியைக் கல்லிலும் மண்டபத்திலும் காட்டினான். நலம்பெற்ற நாம் நன்றியை அடுத்த தாயின் நலத்திற் காட்டலாமன்றோ? இனி, மறுபுறத்தே, வைத்தியம் வந்தபின் நம்பிக்கை எதற்கென்று கேட்போரும் உளர். ஊசியும் மருந்தும் உடலுக்கு உதவும். அஞ்சி நடுங்கும் பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டு அருகில் இருப்பதற்கு அன்பு வேண்டும். ஏழாம் மாதத்தில் வளையடுக்கி வாழ்த்துகின்ற வளைகாப்பின் உட்பொருளும் அதுவே: நீ தனியளல்லை, உன் உயிர் எங்கள் பொறுப்பு என்று சுற்றத்தார் கொடுக்கும் வாக்கு அது. அங்கன்வாடிகளின் வாயிலாக இன்று நடைபெறும் சமுதாய வளைகாப்பில் பல குலத்துப் பெண்களும் ஒரே வரிசையில் அமர்ந்து வளையணிகின்றனர். பழைய சடங்கு சமத்துவத்தோடு சேர்ந்தால் எத்துணை அழகு பெறுகின்றது என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு.

மூன்றாவது, தாகித்தவளுக்கு நீர் கொடுத்த செயல். தேகத்தின் தேவையைத் தீர்த்தலும் வழிபாடே என்பது அதன் கருத்து. நம் வீடுகளில் எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவள் யார்? விரதங்களில் மிகுதியானவற்றை ஏற்பவள் யார்? 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவராகக் காணப்பட்டனர். அரிசிக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இது நேர்ந்ததாயின், குறை களஞ்சியத்தில் மட்டும் இல்லை. பரிமாறும் முறையிலும் உண்டு என்பது தெளிவு. சோகை பிடித்த உடலில் பிரசவ காலத்து உதிரப்பெருக்கு நேர்ந்தால் உயிர் தாங்குவது அரிது. கீரையும் பயறும் முட்டையும் முதலில் கர்ப்பிணியின் இலையில் விழுமாறு செய்தல், எந்த அபிஷேகத்திற்கும் குறைந்த புண்ணியமன்று.

உதிரப்பெருக்கைக் கூறினோம். இங்கேதான் ஜாதியின் வேரும் வெளிப்படுகின்றது. ஒரு தாய்க்கு உதிரம் வடிந்து உயிர் ஊசலாடுங்கால், பிறர் இரத்தமே அவளைக் காக்கும். 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் அறிஞர் மக்களின் இரத்தம் வகைவகையாயிருத்தலைக் கண்டு வெளியிட்டார். ஏ, பி, ஓ என்னும் அவ்வகைகள் எல்லாக் குலத்திலும் எல்லா நாட்டிலும் உள. ஒரே வயிற்றிற் பிறந்த உடன்பிறந்தார் இருவருடைய இரத்தம் பொருந்தாமற் போகலாம். கண்டறியாத வேற்றுக் குலத்தான் ஒருவனுடைய இரத்தம் முற்றும் பொருந்தலாம். உயிர் போகும் வேளையில் எவரும் குலங்கேட்டு இரத்தம் ஏற்றுவதில்லை. உயிர் தங்கியபின் மட்டும் குலங்கேட்டுத் தண்ணீர்ச் செம்பை எட்ட வைப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? ஒரு ஜாதியின் பெயரால் கூடிய சங்கம் நம்முடையது என்பதை மறவாமலே இதனைக் கேட்கின்றோம். தன்னவரை உயர்த்துவது சங்கத்தின் தொடக்கம். பிறரைத் தாழ்த்தாமலிருப்பது அதன் தகுதி. யாவர்க்கும் உதவுவதே அதன் நிறைவு.

இப்பொழுது மீண்டும் செண்பகத்தோப்பை நோக்குவோம். விசேஷ தினங்களில் பக்தர்கள் கூட்டங்கூட்டமாய் மலையேறிக் காட்டழகரைத் தரிசிக்கின்றனர், ஓடையில் நீராடுகின்றனர். அதே வழியில் அடிவாரத்துப் பளியர் குலத்துப் பெண், நிறைமாதத்தில் வைத்தியசாலையை நோக்கி எதிர்த்திசையில் வருகின்றாள். தேனும் காட்டுப்பொருளும் சேகரித்து வாழ்ந்த அம்மக்களே இக்காட்டின் பழைய குடிகள். வனவாசிகளின் உரிமைகளை ஒப்புக்கொள்ளும் சட்டம் 2006-இல்தான் வந்தது. நாம் ஏறுவது தரிசனத்திற்கு; அவள் இறங்குவது உயிருக்கு. வழியில் வேதனை கண்ட பெண்ணிற்கு இறைவன் வந்து உதவிய ஊர் இது. அவ்வழியில் இன்று ஒரு பளியப் பெண் வேதனைப்பட்டால், வண்டியை நிறுத்தி அவளை ஏற்றிச் செல்பவனே அன்றைய தினம் உண்மையான தரிசனம் பெற்றவன். மலையேறிக் கண்டவர் மூர்த்தியைக் கண்டார். வழியில் நின்றவர் அம்மூர்த்தியின் வேலையைச் செய்தார்.

ஆதலின் நம் சங்கத்தார்க்குச் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். பெண் குழந்தை பிறந்த வீட்டிற்கு, ஆண் குழந்தை பிறந்த வீட்டிற்குச் செல்வதுபோன்றே வரிசையோடு சென்று வாழ்த்துக. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005-இல் இந்தியச் சட்டமும் மகளுக்கு அளித்த சொத்துரிமையைக் கையெழுத்து வாங்கிப் பறிக்காதிருக்க. 18 நிரம்பாத பெண்ணின் விவாகத்திற்கு எத்துணை நெருங்கிய உறவினர் அழைத்தாலும் பந்தியில் அமராதிருக்க. கர்ப்பிணியைத் தொடக்கத்திலேயே சுகாதார நிலையத்திற் பதியச் செய்க. அதற்கு அவள் கணவனும் உடன் செல்க. சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் தம் இரத்த வகையை அறிந்து, திருவிழாக் காலங்களில் இரத்த தானம் செய்க. பெறுபவர் குலத்தைக் கேளாதிருக்க. நம் முன்னோரைக் கையேந்திய மருத்துவச்சிகளின் பேரப்பிள்ளைகளும், அடிவாரத்துப் பளியப் பிள்ளைகளும், செவிலியர் கல்வியும் வைத்தியக் கல்வியும் பெறுவதற்குச் சங்கத்தின் கல்வி நிதியில் ஒரு பங்கை ஒதுக்குக. இது தர்மமன்று, நெடுநாள் தீராதிருந்த கடன்.

இறைவனைத் தாயென்றும் மருத்துவச்சியென்றும் துணிந்து கூறியவர் நம் முன்னோர். அத்துணிவு வெறும் கதையாய் நில்லாமல் நம் வீட்டு நடையாய் ஆகுமாயின், பெண் மகவு வாழும், தாய் பிழைப்பாள், தாழ்த்தப்பட்டோர் தலைநிமிர்வர், நம் குடும்பங்களும் நோயின்றி ஓங்கும். அங்ஙனம் ஆகுக.